ஏறுவதற்குப் படி வேண்டும்

மாநகராட்சித் தேர்தல் என்றாலே குடிநீரும் குப்பையும் சாலையுமே நம் நினைவுக்கு வருகின்றன. பெயரும் பின்புலமும் இல்லாத இளைஞர் அரசியலில் ஏறுவதற்கான முதற்படியும் அதுவே. அந்தப் படியை அகற்றினால் யார் மேலே வருவார்கள் என்பதைச் சென்னையின் வரலாறு காட்டுகிறது.

மு.க. ஸ்டாலினின் பாதையைப் பார்ப்போம். 1953-இல் பிறந்தவர், இளம் வயதிலேயே கோபாலபுரத்தில் நண்பர்களைத் திரட்டிக் கட்சிப் பணியைத் தொடங்கினார். நெருக்கடி நிலைக் காலத்தில் மிசா சட்டத்தின்கீழ்ச் சிறை சென்றார். 1980-களில் இளைஞர் அணிச் செயலாளரானார். 1989-இல் ஆயிரம் விளக்குத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரானார். 1996-இல்தான் மாநகராட்சிக்கு வந்தார். மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சென்னையின் முதல் மேயர் அவரே.

சட்டமன்றத்துக்குப் பின் மாநகராட்சி என்ற இந்தத் தலைகீழ் வரிசைக்குக் காரணம் உண்டு. மஸ்டர் ரோல் ஊழலையடுத்து 1973-இல் மாமன்றம் கலைக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 20. அடுத்த தேர்தல் 1996-இல் நடந்தபோது வயது 43. இடையில் மாறி மாறி ஆண்ட கட்சிகள் எவையும் தேர்தலை நடத்தவில்லை. அந்தத் தலைமுறையின் சென்னை இளைஞர் எவருக்கும் மாமன்ற உறுப்பினராகும் வாய்ப்பே இல்லை. கட்சித் தலைவரின் மகனுக்கு வேறு வழி கிடைத்தது. தெருமுனையில் கொடி கட்டிய தொண்டருக்கு என்ன வழி இருந்தது?

பொருளியலில் நுழைவுத் தடை என்றொரு கருத்தை நான் பல்லாண்டுகள் கற்பித்தேன். சந்தையில் நுழையவே பெருமுதல் தேவையெனில், ஏற்கெனவே உள்ளவர்களே நிலைப்பார்கள். ஒரு வார்டை நடந்தே சுற்றி வாக்குக் கேட்கலாம். சட்டமன்றத் தொகுதிக்குப் பணமோ பரம்பரையோ தேவைப்படுகிறது. வார்டுத் தேர்தலை நிறுத்துவது அந்தத் தடையை உயர்த்துவதாகும்.

தனி அலுவலர்கள் நிர்வாகத்தைக் கவனிக்கிறார்களே, போதாதா என்று கேட்கலாம். தெருவிளக்கை அவர்கள் எரியவைக்கலாம். புதிய தலைவர்களை உருவாக்க அவர்களால் இயலாது.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கேரளத்தில் 1995 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சித் தேர்தல் நடந்துவருகிறது. அங்கே எலக்ட்ரீசியன் ஒருவரின் மகளான ஆர்யா ராஜேந்திரன், சிறுவர் அமைப்பிலும் மாணவர் இயக்கத்திலும் பணியாற்றி, கல்லூரியில் படிக்கும்போதே 2020-இல் 21 வயதில் திருவனந்தபுரம் மேயரானார். அவரது ஆட்சியை எப்படி மதிப்பிட்டாலும், அந்த வயதில் ஏற அங்கே ஒரு படி இருந்தது.

1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசமைப்புத் திருத்தம், மன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் முடியுமுன்பே தேர்தலை நடத்தி முடிக்கச் சொல்கிறது. ஆயினும் 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை தமிழக நகரங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இல்லை. இட ஒதுக்கீட்டு வழக்கு, வார்டு மறுவரையறை எனக் காரணங்கள் சொல்லப்பட்டன. தேர்தல் நடந்ததும் 28 வயது ஆர். பிரியா சென்னை மேயரானார்.

2022-இல் அமைந்த மன்றங்களின் காலம் 2027 தொடக்கத்தோடு முடிகிறது. மறுவரையறையும் ஒதுக்கீடும் அதற்கு முன்பே நிறைவுபெற வேண்டும். வாரிசு அரசியலைக் குறைகூறுவோர் முதலில் எழுப்ப வேண்டிய கோரிக்கை, உரிய நாளில் உள்ளாட்சித் தேர்தல் என்பதே.