கல்லும் களமும் – 9: பூண்டியில் எதைக் காட்டுவது?

பூண்டி என்றதும் சென்னைக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது நீர்மட்டம். கோடை தொடங்கினால் ஏரியில் எத்தனை அடி தண்ணீர் என்று செய்தித்தாளில் தேடுவார்கள், கண்டலேறுவில் திறந்த கிருஷ்ணா நீர் வந்து சேர்ந்ததா என்று விசாரிப்பார்கள். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-இல் கட்டி முடித்த அந்த நீர்த்தேக்கம் இருக்கும் ஊரிலேயே, 1985 முதல் தமிழகத் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் ஒன்றும் இருக்கிறது. கீழடிக்கும் ஆதிச்சநல்லூருக்கும் கிடைத்த பேரில் ஒரு பங்குகூட அதற்குக் கிடைத்ததில்லை. கற்காலத்துக்கென்றே அமைந்த கூடம் அது. எழுத்து கீறிய பானை ஓடோ பொன்னோ மேடையில் முழங்கத் தோதான மன்னர் பெயரோ அந்தக் காலத்துக்குக் கிடையாது, கல்தான் உண்டு. சென்ற வாரம் எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஃபூட் சேகரிப்பைப் பார்த்தோம். இதே மாதிரிக் கற்கள் நகரத்திலேயே இருக்கும்போது, ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கூடம் எதற்கு என்று வாசகர் கேட்கலாம். கல்லைப் பார்ப்பதற்கு மட்டும் என்றால் தேவையே இல்லை என்பதுதான் என் பதில். ஆனால் கற்காலக் கருவியைப் பொறுத்தவரை கல் பாதிச் சான்றுதான். மீதிப் பாதி அது கிடந்த மண்ணில் இருக்கிறது, அதை எழும்பூருக்குக் கொண்டுவர முடியாது.

இதற்கு நல்ல சாட்சி, கண்டுபிடிப்பின் வரலாறே. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே 30 அன்று பல்லாவரத்தில், சரளை தோண்டிய குழியருகே, மனிதக் கை செதுக்கிய கல் ஒன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் சக நிலவியலாளர் வில்லியம் கிங்குடன், பூண்டிக்கு அருகே உள்ள அத்திரம்பாக்கம் சென்றார். அங்கே ஓடை அரித்த இடங்களில் கைக்கோடரிகள் ஏராளமாகக் கிடைத்தன. ஒரே மனிதர், ஒரே ஆண்டு, இரண்டு இடங்கள். அதன்பின் இரண்டின் விதியும் வேறு வேறாகிவிட்டது. பல்லாவரம் இன்று கன்டோன்மென்டும் விமான நிலையமும் வீடுகளும் நெருக்கியடிக்கும் புறநகர். அத்திரம்பாக்கம் வயலும் முள்புதரும் ஓடையுமாகத் தப்பித்துக்கொண்டது. ஃபூட் தம் சேகரிப்பை 1904-இல் சென்னை அருங்காட்சியகத்துக்கு விற்றார். அதற்கான விளக்கப் பட்டியல் அவர் மறைந்த பிறகு அச்சாயிற்று. கற்களுக்கு எண்ணும் ஊர்ப்பெயரும் கிடைத்தன. அவற்றின் வயது மட்டும் அடுத்த நூறு ஆண்டுகளுக்குப் பேச்சளவிலேயே நின்றது. ஆற்றுப் படிக்கட்டு நிலங்களை வைத்து ஒருவர் ஒன்று சொல்வார், ஐரோப்பியக் கருவிகளோடு உருவத்தை ஒப்பிட்டு இன்னொருவர் வேறொன்று சொல்வார்.

முடிச்சை அவிழ்த்தது கண்ணாடிப் பெட்டியிலிருந்த கல் அல்ல. 1999-இல் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் அத்திரம்பாக்கத்தில் புதிதாக அகழத் தொடங்கினர். அவர்கள் கையாண்ட முறையைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், என் வாதமே அதில்தான் நிற்கிறது. வெட்டவெளியில் கிடக்கும் குவார்ட்சைட் கல்லை விண்வெளிக் கதிர்கள் ஓயாமல் தாக்குகின்றன. அப்போது அதற்குள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு கதிரியக்க ஐசோடோப்புகள் மிக நுண்ணிய அளவில் உருவாகின்றன. கல் ஆழத்தில் புதைந்ததும் அந்த உற்பத்தி நின்றுபோகிறது. சேர்ந்த இருப்பு கரையத் தொடங்குகிறது. அலுமினியம் ஏறக்குறைய 7 லட்சம் ஆண்டுகளில் பாதியாகும், பெரிலியம் பாதியாக அதைப்போல் இரு மடங்கு காலம் எடுக்கும். இரண்டும் எந்த விகிதத்தில் மிஞ்சியிருக்கின்றன என்று அளந்தால், கல் எப்போது புதைந்தது என்று கணக்கிடலாம். எவ்வளவு ஆழத்தில், எந்த மண்ணுக்குக் கீழே கிடந்தது என்று தெரிந்தால்தான் இந்தக் கணக்கை நம்ப முடியும். பக்கத்து மண்ணும் சாட்சி சொல்ல வேண்டும், சொன்னது. கருவிகள் கிடந்த களிமண் படிந்த காலத்தில் பூமியின் காந்தப்புலம் இன்றைக்கு நேர் எதிராக இருந்தது. 2011-இல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவு வெளிவந்தது: அங்குள்ள அச்சூலியன் எனும் பழைய கற்கால வகைக் கைக்கோடரிகள் குறைந்தது 10.7 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை, சராசரி மதிப்பு சுமார் 15 லட்சம். 2018-இல் ‘நேச்சர்’ இதழில் இன்னொரு முடிவு. அதே குழிகளின் மேலடுக்குகளில் இடைப் பழைய கற்கால முறை ஏறக்குறைய 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. ஃபூட் கையிலெடுத்த கல் எவ்வளவு அழகாக இருந்தாலும், மண்ணிலிருந்து பிரிந்துவிட்ட அதனிடம் இந்தக் கேள்விகளைக் கேட்க முடியாது. நிலம் மிஞ்சியிருந்ததால் கேட்க முடிந்தது.

வயதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. கைக்கோடரிகள் கிடந்த அந்தக் களிமண் அடுக்கில் கருவி செய்யத் தக்க கல் இயற்கையாக இல்லை. அப்படியானால் வெளியே எங்கோ உடைத்த பெரிய சில்லுகளை யாரோ சுமந்து வந்திருக்கிறார்கள். கல் கிடைக்கும் அல்லிக்குழி மலைப் பக்கத்தையும் ஓடைக்கரையையும் ஒரே பார்வையில் வைத்துப் பார்க்கும்போதுதான், ‘தேவை வரும் என்று முன்கூட்டியே நினைத்துச் சுமந்தார்கள்’ என்ற செய்தி உறைக்கிறது. பெட்டிக்குள் அந்தத் தொலைவை அடைக்க முடியாது. பழைய சென்னைவாசிகள் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் விலங்குக் காட்சிசாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் அழைப்பார்கள். கேலிதான், ஆனாலும் எழும்பூரின் கற்காலக் கூடத்துக்கு வைத்தாற்போல் பொருந்துகிறது.

மறுப்புகள் இருக்கின்றன. அந்த அகழாய்வுக்கும் பூண்டிக் கூடத்துக்கும் என்ன தொடர்பு, கட்டடமா நிலத்தைக் காப்பாற்றியது என்று கேட்டால், இல்லை என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நகரம் அந்தத் திசையில் தாமதமாக வளர்ந்தது, அவ்வளவுதான். அந்த அதிர்ஷ்டம் நீடிக்கும் என்று நம்ப இடமில்லை என்பதால்தான் கூடம் வேண்டும் என்கிறேன். தன் கொல்லையில் கிடப்பது என்ன என்று அறியாதவருக்கு அது வெறும் சரளை, லாரியில் ஏற்றக்கூடிய பொருள். அவருக்கு நடந்துபோகும் தூரத்தில் விளக்கம் இருக்க வேண்டும். எழும்பூர் அதைச் செய்யாது. அரிய பொருள்கள் பாதுகாப்பான நகரத்தில் இருப்பதே நல்லது என்பது அடுத்த வாதம். சோழர் செப்புத் திருமேனிக்கு இது முழுக்கச் சரி. கைக்கோடரியோ ஆயிரக்கணக்கில் கிடைப்பது, தனித்த ஒன்றுக்குச் சந்தை மதிப்பைவிட இடமதிப்பு அதிகம். ஃபூட் சேகரிப்பு எழும்பூரிலேயே இருக்கட்டும். அது ஓர் அறிவுத்துறை பிறந்த கதை, அந்த நகரத்துக்குச் சொந்தமானது.

எனக்கே கலக்கம் தரும் மறுப்பு மூன்றாவது: கூட்டத்தை அழைத்தால் ஆளுக்கொரு கல்லைப் பையில் போட்டுக்கொள்வார்கள். உண்மை. கென்யாவின் ஒலோர்கெசாய்லியில் தொல்லியலாளர்களான லீக்கி தம்பதியர் 1940-களில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கருவிகளைக் கிடந்தபடியே விட்டு, மேலே பலகை நடைபாதை அமைத்தார்கள். பார்வையாளர் நூற்றுக்கணக்கான கைக்கோடரிகளுக்கு மேலே நடக்கிறார், குனிந்து எடுக்க முடியாது. அதை அப்படியே இங்கே பெயர்த்து வைக்க முடியாது. அது வறண்ட பூமி. நம் ஓடைகளோ ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஆண்டுதோறும் கரையை அரிப்பவை, திறந்து வைத்த குழி சில பருவம்கூடத் தாங்காது. இங்கே நடக்கக்கூடியது, குழியின் மண்சுவரை அடுக்கு மாறாமல் அச்செடுத்துக் கூடத்தில் நிறுத்துவது. பக்கத்தில் செதுக்காத கூழாங்கல், உடைத்த சில்லு, பாதியில் கைவிட்ட கருவி என வரிசையாக வைத்தால், பள்ளிப் பிள்ளைகூடச் செய்முறையைக் கண்ணாலேயே தொடர முடியும். சுவரின் அச்சு பல மீட்டர் உயரம் வரும், ஆதலால் இரண்டு துண்டாக நிறுத்த வேண்டியிருக்கும்: ஒன்றில் மேலடுக்குகள், மற்றொன்றில் கைக்கோடரிகள் பதிந்த அந்தக் களிமண்.