சுடச் சுடக் கூடும் வேகம்

1978-இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ என்ற வீடியோ கேமை வெளியிட்டது. திரையில் வரிசைக்கு 11 வீதம் 5 வரிசை வேற்றுக்கிரகவாசிகள். பக்கவாட்டில் நகர்ந்து, ஓரம் வந்ததும் ஒரு படி இறங்கித் திரும்பும் அந்தப் படையைக் கீழேயுள்ள பீரங்கியால் சுட்டு வீழ்த்த வேண்டும். எதிரிகள் குறையக் குறைய, மிச்சமிருப்பவர்கள் வேகமெடுப்பார்கள். கடைசி ஆள் குறி வைப்பதற்குள் ஓடிவிடுவான்.

இந்த வேகத்துக்குக் காரணம் பிராசசரின் திணறல்தான்.

திரையில் அசைவதாகத் தெரிவதெல்லாம் அடுத்தடுத்து வரும் அசையாப் படங்கள். ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். இந்த இயந்திரத்தில் நொடிக்கு 60 ஃபிரேம். உள்ளே இருந்த இன்டெல் 8080 பிராசசருக்கு நொடிக்கு 20 லட்சம் துடிப்பு. கேட்கப் பெரிதாக இருக்கும். 60-ஆல் வகுத்தால் ஒரு ஃபிரேமுக்குத் தேறுவது 33 ஆயிரம் சொச்சம். ஒரு கட்டளையை முடிக்கவே 4 முதல் 18 துடிப்பு வரை செலவாகும். இந்தக் கையிருப்பில் குண்டுகளையும் மோதல்களையும் ஸ்கோரையும் கவனித்துக்கொண்டு, 55 உருவங்களையும் நகர்த்தி வரைவது ஆகாத காரியம். அதனால் ஃபிரேமுக்கு ஓர் உருவம் என்று முறை வைத்தார், கேமை உருவாக்கிய டோமோஹிரோ நிஷிகாடோ. உற்றுப் பார்த்தால் படை ஒரேயடியாக நகராமல், கீழ் வரிசையில் தொடங்கி அலையலையாக நகர்வது தெரியும்.

55 இலை போட்ட பந்தியில் பரிமாற ஒரே ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இலைக்கு ரசம் மறுபடி வர நேரமாகும். பாதிப் பேர் எழுந்துவிட்டால், அதே ஆள் அதே நடையில் பாதி நேரத்தில் ஒரு சுற்றை முடித்துவிடுவார். இங்கேயும் அதுதான். 55 பேர் இருக்கையில் ஒருவனுடைய முறை மறுபடி வரச் சுமார் 0.9 நொடி. ஒருவனே மிஞ்சினால் நொடிக்கு 60 முறை!

இதைக் கண்ட நிஷிகாடோ திருத்தாமல் விட்டுவிட்டார். ஆட்டம் போகப் போகக் கடினமாவது சுவையாக இருந்தது. பின்னணியில் ‘தும் தும்’ என்று ஒலிக்கும் நான்கு சுரங்களும், எதிரிகள் குறையக் குறைய வேகம் பிடிக்கும்படி அமைக்கப்பட்டன.

இன்றைய கேம்கள் பிராசசரின் போக்கில் ஓடுவதில்லை. போன ஃபிரேமுக்குப் பின் எத்தனை மில்லிநொடி கழிந்தது என்று அளந்து, அதை வேகத்தால் பெருக்கி, அவ்வளவு தூரமே நகர்த்துகிறார்கள். பழைய போனிலும் புதிய போனிலும் கார் ஒரே வேகத்தில் ஓடுவது இதனால்தான். ஸ்பேஸ் இன்வேடர்ஸை இன்று புதிதாக எழுதிப் பழகும் மாணவர், 55 பேரையும் ஒரே ஃபிரேமில் நகர்த்திவிட்டு, எத்தனை பேரைச் சுட்டாலும் வேகம் ஏறவில்லையே என்று விழிப்பார். ஆள் குறைந்தால் வேகம் கூட வேண்டும் என்ற விதியை அவர் தனியே எழுதித்தான் சேர்க்க வேண்டும்.