பாப்பா நியூஸ்: வீட்டிலேயே ஒரு நையாண்டி வீடியோ

வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது. பதினோராம் நாளோ முப்பதாம் நாளோ, உங்கள் வீட்டு வழக்கப்படி பெயர் சூட்டித் தொட்டிலில் போடும் விழாவிற்கு உறவினர்கள் வரப் போகிறார்கள். புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர் மேஜையில் இருக்கிறது. வீடியோ எடுக்கும் போன் கையில் இருக்கிறது. சாப்பாட்டுக்கு முன்பாக டிவியில் நான்கு நிமிடம் ஓடும் நையாண்டிப் படம் ஒன்றைத் தயாரித்து அனைவரையும் சிரிக்க வைக்கலாமே!

நையாண்டி என்றால் எதைக் கிண்டல் செய்கிறோம் என்பது பார்ப்பவர்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். விஜய் டிவியில் வந்த லொள்ளு சபாவும், 2010ல் வெளியான தமிழ்ப் படம் என்ற திரைப்படமும் எடுபட்டது இதனால்தான். தாத்தா முதல் பள்ளிச் சிறுவன் வரை அனைவருக்கும் பழக்கமான ஒன்று, செய்திச் சேனல். மேஜை, அதன் பின்னால் கோட் போட்ட ஒருவர், கீழே ஓடும் சிவப்புப் பட்டை, எதற்கெடுத்தாலும் "சற்றுமுன்". செலவே இல்லை. சேனலுக்கு நீங்களே ஒரு பெயர் வைத்துக் கொள்ளுங்கள்.

இங்கே பலரும் முதலில் நினைப்பது, குழந்தைக்குக் கருப்புக் கண்ணாடி மாட்டி, மைக் முன்னால் சாய்த்து வைத்து, செய்தி வாசிப்பவராக ஆக்கிவிடலாம் என்பது. வேண்டவே வேண்டாம். பிறந்த குழந்தைக்குக் கழுத்து நிற்காது. தலையைக் கை தாங்கியே இருக்க வேண்டும். தாயும் சரியான தூக்கம் இல்லாமல் இருப்பார். அதைவிட முக்கியமாக, குழந்தை நடிக்க வேண்டிய தேவையே இல்லை.

லெவ் குலஷோவ் என்ற ரஷ்ய இயக்குநர் சுமார் 1920ஆம் ஆண்டு வாக்கில் ஒரு சோதனை செய்து பார்த்தார். ஒரு நடிகரின் உணர்ச்சியே காட்டாத முகத்தை எடுத்து, ஒருமுறை சூப் கிண்ணத்திற்குப் பின்னும், ஒருமுறை சவப்பெட்டிக்குப் பின்னும், ஒருமுறை ஒரு பெண்ணிற்குப் பின்னும் ஒட்டிக் காட்டினார். முகம் ஒன்றுதான். ஆனால் பார்த்தவர்கள் பசி, துயரம், ஆசை என்று மூன்று விதமாகப் புரிந்து கொண்டார்கள். நம் பாப்பாவுக்கும் இதுவே வழி. பெரியப்பா விழாச் செலவு பற்றி உரையாற்றுகிறார். அடுத்த காட்சியில் குழந்தை கொட்டாவி விடுகிறது. இரண்டும் வேறு வேறு நாளில் எடுத்தவையாக இருக்கட்டும். அறை முழுவதும் சிரிக்கும்.

ஆகவே குழந்தையை அதன் போக்கில் விட்டுப் பத்து நிமிடம் வீடியோ எடுத்தால் போதும். கொட்டாவி, தும்மல், நெற்றிச் சுருக்கம், கை விரல் விரிவது, தூக்கத்தில் வரும் சிரிப்பு, ஒரு நல்ல அழுகை. ஆளைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு வர ஆறு வாரம் போல ஆகும். அதற்குக் காத்திருக்க வேண்டாம். ஒரே நாளில் எடுக்காமல் மூன்று நான்கு நாட்களில் இரண்டிரண்டு நிமிடமாக எடுங்கள். பால் குடித்து முடித்த பின் உள்ள நேரம் நல்லது. ஜன்னல் வெளிச்சம் போதும். முகத்துக்கு நேராக விளக்கோ பிளாஷோ வேண்டாம். திடுக்கிட்டுக் கைகளை விரிக்கும் காட்சி தானாகக் கிடைத்தால் சரி. அதற்காகத் தட்டிச் சத்தம் போடுவது விளையாட்டல்ல.

போனைப் படுக்கை வாட்டில் பிடித்து எடுக்கவும். நிற்க வைத்து எடுத்தால் டிவியில் இரு புறமும் கருப்புப் பட்டை விழும்.

மற்ற எல்லா வேடமும் பெரியவர்களுக்குத்தான். செய்தி வாசிப்பவராகச் சித்தி. படுக்கை அறை வாசலில் நின்று கிசுகிசுக்கும் குரலில் நேரலை கொடுக்கும் நிருபராக மாமா; "உள்ளே தூங்கிக் கொண்டிருக்கிறார், இதற்கு மேல் குரலை உயர்த்தினால் வீட்டை விட்டு வெளியேற்றப்படுவேன்" என்கிறார். கிசுகிசுப்பு பதிவாக, போன் ஒரு கை நீளத்திற்குள் இருக்க வேண்டும். விவாத மேடையில் இரண்டு பாட்டிகள்: மூக்கு யார் வீட்டு மூக்கு? இந்தப் பகுதிக்கு வசனமே எழுத வேண்டாம். கேமராவை ஓடவிட்டு நகர்ந்துவிடுங்கள். வானிலை அறிக்கையில் "தொட்டில் மற்றும் அதனை ஒட்டிய மடிப் பகுதிகளில் திடீர் மழை" என்று ஒரு வரி போதும்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். குழந்தையின் நிறம், எடை, ஆணா பெண்ணா என்பது, தாயின் உடம்பு, பிரசவம் எப்படி நடந்தது, இவை எதுவும் நகைச்சுவைக்குப் பொருள் அல்ல. விளையாட்டாகச் சொன்ன ஒரு வரி அந்தப் பெண்ணின் மனதில் வருடக் கணக்கில் தங்கும். கேலி முழுவதும் பெரியவர்கள் தலையில் விழட்டும். வீடியோ முடிந்ததும் முதலில் குழந்தையின் அம்மாவுக்குப் போட்டுக் காட்டுங்கள். அவர் வெட்டச் சொல்வதைக் கேள்வி கேட்காமல் வெட்டிவிடுங்கள்.

இனி கம்ப்யூட்டர் வேலை. பழைய விண்டோஸ் மூவி மேக்கரைத் தேட வேண்டாம். மைக்ரோசாப்ட் நிறுவனம் அதனை 2017 ஜனவரியில் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11ல் கிளிப்சாம்ப் என்ற புரோகிராம் உடன் வருகிறது. ஸ்டார்ட் மெனுவில் அதன் பெயரை டைப் செய்து திறக்கவும். மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் கேட்கும்.

வீடியோக்களை வாட்ஸ்அப் மூலம் கம்ப்யூட்டருக்கு அனுப்ப வேண்டாம்; அது பைலைச் சுருக்கித் தெளிவைக் குறைத்துவிடும். யு.எஸ்.பி. கேபிளில் இணைத்து, ஆண்ட்ராய்ட் போன் என்றால் பைல் டிரான்ஸ்பர் என்பதைத் தேர்ந்தெடுத்து, ஒரே போல்டருக்குள் அனைத்தையும் காப்பி செய்திடவும். ஐபோன் வீடியோ சில கம்ப்யூட்டர்களில் திறக்காமல் அடம் பிடிக்கலாம். படம் எடுக்கும் முன்பே போனின் செட்டிங்ஸ், கேமரா, பார்மட்ஸ் சென்று மோஸ்ட் கம்பாட்டிபிள் என்று வைத்துவிட்டால் தொல்லை இல்லை. எடிட்டிங் முடியும் வரை அந்த போல்டரை இடம் மாற்றாதீர்கள். மாற்றினால் பைல்களைக் காணவில்லை என்று புரோகிராம் உங்களைக் கேட்கும்.

கிளிப்சாம்பில் இம்போர்ட் மீடியா கிளிக் செய்து வீடியோக்களைக் கொண்டு வந்து, கீழே உள்ள டைம்லைனில் வரிசையாக இழுத்துவிடவும. வெட்ட வேண்டிய இடத்தில் கோட்டை நிறுத்தி எஸ் கீயைத் தட்டினால் கிளிப் இரண்டாகும். வேண்டாத துண்டைத் தேர்ந்தெடுத்து டெலீட் கீயை அழுத்தவும். எடிட்டிங் என்பது பெரும்பாலும் இவ்வளவுதான். பெரியப்பா பேச்சின் நடுவே வெட்டி, கொட்டாவியை நுழைத்து, மீண்டும் பெரியப்பா. குழந்தை முகம் இரண்டு விநாடி. அதற்கு மேல் நீண்டால் சிரிப்பு குறையும்.

சிவப்புப் பட்டையில் தமிழ் எழுத்துக்கள் உடைந்து தெரிந்தால் பெயிண்ட் புரோகிராமில் நிர்மலா யு.ஐ. எழுத்துருவில் எழுதி, பி.என்.ஜி. படமாக சேவ் செய்து, வீடியோவுக்கு மேல் வரிசையில் வைத்துக் கொள்ளலாம். எல்லாம் முடிந்ததும் எக்ஸ்போர்ட் கிளிக் செய்து 1080பி தேர்ந்தெடுத்தால் எம்பி4 பைல் கிடைக்கும். இதற்குக் கட்டணம் இல்லை.

பைலைப் பென் டிரைவில் போட்டு, முதல் நாளே அதே டிவியில் ஓட்டிப் பாருங்கள். குழந்தையை ஸ்பீக்கர் பக்கம் வைக்காமல் உள் அறையில் இருக்க விடுங்கள். தன் படத்தைப் பார்க்க அதற்கு அவசரம் இல்லை. அந்த வயதில் ஓர் அடி தூரத்துக்கு மேல் தெளிவாகவும் தெரியாது.

விழா முடிந்ததும் "எனக்கு அனுப்பு" என்று பத்துப் பேர் கேட்பார்கள். வாட்ஸ்அப்பில் ஒருவருக்கு அனுப்பினால் அது எங்கு போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. மருத்துவமனை அட்டை, கைப்பட்டை, வீட்டு முகவரி தெரியும் காட்சி இருந்தால் முன்பே நீக்கிவிடவும். யுடியூபில் ஏற்றுவதாக இருந்தால் பிரைவேட் என்று வைத்து, வேண்டியவர்களை மட்டும் அழைக்கலாம். அன்லிஸ்டட் என்றால் லிங்க் கிடைத்த யாரும் பார்க்கலாம். சினிமாப் பாட்டைப் பின்னணியில் சேர்த்திருந்தால் யுடியூப் அதனைத் தானாகவே கண்டுபிடித்து ஒலியை நிறுத்தலாம், வீடியோவையே தடுக்கலாம். யுடியூப் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை கிடைக்கிறது. வெட்டாத மூல வீடியோக்களை மட்டும் அழித்துவிடாதீர்கள். தனியே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து, குழந்தையின் பெயரையும் தேதியையும் போல்டருக்கு வைத்துவிடுங்கள்.