கம்பெனி ரிப்போர்ட்டில் வரும் பி.எஸ்.ஏ. எண்



நம் ஊர்ப் பிள்ளைகள் வேலை செய்யும் ஷூ கம்பெனிகளிலும், சென்னை, பெங்களூர் ஆபீஸ்களிலும் இப்போது வருடத்திற்கு ஒருமுறை ஹெல்த் செக்கப் நடக்கிறது. வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடுத்துவிட்டு, அவர்கள் தரும் இட்லியைச் சாப்பிட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். நாலு நாள் கழித்து போனுக்கு ரிப்போர்ட் வருகிறது. பக்கம் பக்கமாக எண்கள். நாற்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்கு அதில் பி.எஸ்.ஏ. என்று ஒரு வரியும் இருக்கும்.

சென்ற மாதம் ஜும்ஆ முடிந்து ஒரு சகோதரர் நம் அறக்கட்டளை அலுவலகத்திற்கு வந்தார். வயது 43. அவருடைய எண் 4.6, பக்கத்தில் ‘ஹை’ என்று தடித்த எழுத்து. இன்டர்நெட்டில் தேடிப் பார்த்திருக்கிறார். புற்றுநோய் என்று வந்திருக்கிறது. பத்து நாளாகத் தூக்கமில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. விசாரித்ததில், ரத்தம் கொடுத்த வாரத்தில்தான் அவருக்கு நீர்க்கடுப்பும் காய்ச்சலும் இருந்திருக்கிறது. டாக்டர் அதற்கு மருந்து கொடுத்து, ஆறு வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னார். 1.1 வந்தது, அல்ஹம்துலில்லாஹ். முதல் நாளே கம்பெனி வாசலில் யாராவது இரண்டு நிமிடம் பேசியிருந்தால் அந்தப் பத்து இரவுகள் மிச்சம்.

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. மூத்திரப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கிறது. அது சுரக்கும் ஒரு புரதத்தில் கொஞ்சம் ரத்தத்தில் கலக்கும். அதை அளப்பதுதான் பி.எஸ்.ஏ. பரிசோதனை. பொதுவாக 4 வரை சரி என்பார்கள். ஆனால் இது புற்றுநோயை மட்டும் காட்டும் எண் அல்ல. வயதாகும்போது சுரப்பி தானாக வீங்கினாலும் ஏறும். கிருமித் தொற்று இருந்தாலும், சிறுநீர் டியூப் போட்டிருந்தாலும் ஏறும். முந்தைய இரண்டு நாட்களில் தாம்பத்திய உறவு இருந்தாலோ, நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டியிருந்தாலோ கூட ஏறலாம். 4க்கும் 10க்கும் இடையில் வந்தவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் இருக்கும்.

எண் குறைவாகத் தெரிந்து ஏமாற்றுவதும் உண்டு. சுரப்பி வீக்கத்திற்கும் முடி கொட்டுவதற்கும் தரும் ஃபினாஸ்டிரைடு, டூடாஸ்டிரைடு மாத்திரைகளை ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிடுபவர்களுக்கு இந்த எண் பாதியாகக் குறைந்து காட்டும். அவர்களுக்கு 3 என்றால் அது 6 மாதிரி. டாக்டரிடம் மாத்திரை பெயரைச் சொல்லாமல் விடாதீர்கள்.

இந்தப் பரிசோதனையை எல்லோரும் எடுக்க வேண்டுமா என்பதில் மருத்துவர்களே பல வருடம் விவாதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இதற்கென உள்ள நிபுணர் குழு 2012-இல் வேண்டாம் என்றது. 2018-இல் அதை மாற்றி, 55 முதல் 69 வயதுக்காரர்கள் டாக்டரிடம் நன்மை தீமைகளைப் பேசிவிட்டுத் தாங்களே முடிவு செய்யட்டும், 70க்கு மேல் வழக்கமாக எடுக்கத் தேவையில்லை என்றது. ஐரோப்பாவில் 1993-இல் தொடங்கி, ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான ஆண்களை ஏறத்தாழ 23 வருடம் கவனித்த ஆய்வின் முடிவு 2025-இல் வெளிவந்தது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட 456 பேருக்கு ஒருவர் வீதம் இந்த நோயால் இறப்பது தடுக்கப்பட்டது. அந்த ஒருவருக்காகக் கூடுதலாகப் பன்னிரண்டு பேருக்குப் புற்றுநோய் என்று கண்டுபிடிக்கப்பட்டது. இந்தப் பன்னிரண்டு பேரில் பலருடைய நோய் மிக மெதுவாக வளர்வது. தெரியாமலே இருந்திருந்தாலும் ஆயுள் முழுக்க ஒன்றும் செய்திருக்காது. அவர்களுக்கும் ஆபரேஷன், கதிர்வீச்சு என்று போனால் சிறுநீர் அடக்க முடியாமை, தாம்பத்தியக் குறைபாடு எல்லாம் வரலாம்.

ஆகவே எண் ஏறியிருந்தால் நேராக ஆபரேஷன் என்று பயப்பட வேண்டாம். முதலில் மறுபடி ஒரு ரத்தப் பரிசோதனை. அப்போதும் ஏறியிருந்தால் சிறுநீரகவியல் மருத்துவர் கையால் பரிசோதிப்பார், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பார், தேவைப்பட்டால் மட்டும் ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பார். புற்றுநோயாகவே இருந்து, அது சாதுவான வகை என்றால், உடனே வைத்தியம் செய்யாமல் குறித்த இடைவெளியில் கண்காணித்து வருவதும் முறையான வழிதான். சுரப்பிக்கு வெளியே பரவாத நோயுள்ள 1,643 பேரை பிரிட்டனில் 15 வருடம் கவனித்தார்கள். கண்காணிப்பு, ஆபரேஷன், கதிர்வீச்சு ஆகிய மூன்று பிரிவிலும் நூற்றுக்கு 97 பேர் இந்த நோயால் இறக்கவில்லை. கையால் பரிசோதிப்பதற்குக் கூச்சப்பட்டு ஓடி வந்தவர்கள் நம் ஊரில் உண்டு. ஆண் டாக்டரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வைத்தியத்தின் அவசியத்துக்கு மார்க்கம் இடம் தந்திருக்கிறது.

சுன்னத் செய்தவர்களுக்கு இந்த நோய் வராது என்று சிலர் நம்புகிறார்கள். சிறு வயதில் சுன்னத் செய்தவர்களுக்கு ஆண்குறியில் வரும் புற்றுநோய் மிகவும் அரிது, அது உண்மை. புராஸ்டேட் உள்ளே இருக்கும் வேறு உறுப்பு. அதை இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அத்தாவுக்கோ உடன்பிறந்த அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் இருந்திருந்தால் உங்களுக்கு வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். 45 வயதிலேயே டாக்டரிடம் பேசுங்கள். அம்மா, சகோதரிகளுக்கு மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். ஒரே மரபணுக் கோளாறு பெண்களுக்கு அங்கேயும் ஆண்களுக்கு இங்கேயும் வரக் காரணமாகலாம். நம் வீடுகளில் பெரியவர்கள் எதனால் மவுத்தானார்கள் என்று கேட்டால், “வயசாகிடுச்சு” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. பெரியம்மாக்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள்.

வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களுக்கு ஒரு வார்த்தை. “விசா மெடிக்கல்ல ஒவ்வொரு தடவையும் பாஸ்தான்” என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்த மெடிக்கலில் முக்கியமாகப் பார்ப்பது காசநோய், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமி போன்ற தொற்றுகளை. அந்த நாட்டுக்கு நோய் வரக்கூடாது என்பதற்காக எடுப்பது அது. ஐம்பத்தைந்து வயதில் பெட்டியோடு வந்து இறங்கும்போது கம்பெனி இன்சூரன்சும் முடிந்திருக்கும். சரியாக அந்த வயதில்தான் இந்தப் பேச்சு தேவைப்படுகிறது.

இதுவரை சொன்னது எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு. சிறுநீர் முக்கி முக்கிப் போவது, சொட்டுச் சொட்டாக வருவது, ரத்தம் கலந்து வருவது, வயதானவருக்கு ஓயாத இடுப்பு வலியோடு உடம்பு மெலிவது எல்லாம் இருந்தால் கம்பெனி செக்கப்புக்குக் காத்திருக்கக் கூடாது. ராத்திரி நாலு தடவை எழுபவரை தஹஜ்ஜுதுக்கு எழுகிறார் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருப்பார்கள்! இவற்றில் பெரும்பாலானவை சாதாரண வீக்கம்தான், மாத்திரையிலேயே அடங்கும். பிரச்சினை, இதை மறைப்பது. ஒளு நிற்கவில்லை என்று ஜமாஅத்துக்கு வருவதையே நிறுத்திவிட்ட பெரியவர்கள் இருக்கிறார்கள். தொடர்ந்து சொட்டுபவருக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. வக்து வந்தபின் சுத்தம் செய்து, துணி வைத்துக் கட்டி, ஒளு செய்து தொழலாம். ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளுக்கிடையே விவரங்களில் வித்தியாசம் இருப்பதால் ஹஜ்ரத்திடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். டாக்டரிடமும் போங்கள்.

கம்பெனி நடத்தும் நம் சகோதரர்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. லேப்காரர் தரும் பேக்கேஜில் டெஸ்ட் எண்ணிக்கை கூடுவதால் தொழிலாளிக்கு நன்மை கூடிவிடாது. முப்பது வயதுப் பையனுக்கு பி.எஸ்.ஏ. எடுப்பது வீண். அந்தப் பணத்தில் எல்லோருக்கும் இரத்த அழுத்தம், சர்க்கரை பாருங்கள். ஹான்ஸ், குட்கா போடுபவர்களின் வாயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். தமிழக அரசின் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைக் கேட்டு வாங்கலாம். பி.எஸ்.ஏ.யை ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு, முன்கூட்டியே விளக்கி, விருப்பம் கேட்டு மட்டும் எடுங்கள். எண் ஏறியவரை எந்த டாக்டரிடம் அனுப்புவது என்பதையும் முதலிலேயே பேசி வையுங்கள். ரிப்போர்ட் தொழிலாளியின் கைக்கு மட்டும் போகட்டும். சூப்பர்வைசர் மேஜையில் கிடக்க வேண்டாம்.

செலவைப் பற்றி: மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு, குடும்பத்திற்கும் சேர்த்து. குறைந்தது ஐந்து வருடம் இ.எஸ்.ஐ.யில் இருந்து ஓய்வு பெற்றவர், வருடத்துக்கு 120 ரூபாய் கட்டினால் தனக்கும் மனைவிக்கும் வைத்தியத்தைத் தொடரலாம். பலருக்கு இது தெரியவில்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட் புரியாதவர்கள் ஜும்ஆவுக்குப் பின் நம் அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். பழைய ரிப்போர்ட்டும், சாப்பிடும் மாத்திரை அட்டைகளும் கையில் இருக்கட்டும்.