மண்ணில் தெரியும் பொன்: எண்களைப் படிக்கும் கலை

கனடாவின் வடமேற்கு மூலையில், அலாஸ்காவை ஒட்டி அமைந்துள்ள யூகான் நிலப்பகுதியின் ஓர் ஓடையில் 1896ஆம் ஆண்டு பொன் கிடைத்தபோது, பல்லாயிரம் பேர் அங்கே திரண்டனர். ஓடைச் சரளையில் அரித்தெடுக்கப்பட்ட அந்தப் பொன் எந்தப் பாறையிலிருந்து வந்தது என்ற கேள்விக்கு நூறாண்டுகள் கடந்தும் நிறைவான விடை கிடைக்கவில்லை. ஏனெனில் மண்ணும் பாசியும் காடும் பாறைகளை முற்றிலும் மூடியிருந்தன. காளான் பறித்து விற்று வாழ்ந்து, பின்னர் கனிமத் தேடலுக்கு வந்த ஷான் ரயன், மலைமுகடுகள் நெடுகிலும் மண் மாதிரிகளை முறையாகச் சேகரிக்கத் தொடங்கினார். அந்த மாதிரிகள் காட்டிய தடத்தில்தான் ஒயிட் கோல்டு, காபி ஆகிய இரு பொன் படிவுகள் கண்டறியப்பட்டன. முதல் படிவை வைத்திருந்த நிறுவனத்தை 2010இல் கின்ராஸ் சுரங்க நிறுவனம் சுமார் 13.9 கோடி கனடிய டாலருக்கும், இரண்டாவதை வைத்திருந்த நிறுவனத்தை 2016இல் கோல்டுகார்ப் சுரங்க நிறுவனம் சுமார் 52 கோடி கனடிய டாலருக்கும் வாங்கின. இந்த வெற்றிக்கு மண்ணைத் தோண்டிய உழைப்பு எவ்வளவு காரணமோ, ஆய்வகம் அனுப்பிய எண்களைச் சரியாகப் பொருள் கொண்ட அறிவும் அவ்வளவு காரணம்.

மண் எங்கிருந்து வந்தது?

பாறை சிதைந்து மண்ணாகும்போது அதிலுள்ள உலோகங்கள் சுற்றிலும் பரவுவதால், சில மீட்டர் அகலமே உள்ள தாது நரம்புக்கு மேலே பல மடங்கு அகன்ற ஒரு வேதித்தடம் மண்ணில் உருவாகிறது. ஆனால் மண் அங்கேயே கீழுள்ள பாறையிலிருந்து பிறந்ததாக இருந்தால்தான் இந்தத் தடத்தை நம்ப முடியும். பனியூழிக் காலத்தில் கனடாவின் பெரும்பகுதியைப் பனிப்பாளங்கள் சுரண்டி, பாறைத்தூளை வெகுதொலைவுக்கு இழுத்துச் சென்றன. அத்தகைய இடங்களில் மண்ணில் பொன் தென்பட்டாலும் அதன் மூலப்பாறை பல கிலோமீட்டர் தள்ளி இருக்கக்கூடும். யூகானின் மத்திய மேற்குப் பகுதியோ வறண்ட காலநிலையால் பனிப்பாளங்களுக்குத் தப்பியதால், அங்கே முகடுகளின் மண் பெரும்பாலும் அடியிலுள்ள பாறையின் பிள்ளையாகவே இருக்கிறது.

அங்கும் மேற்பரப்பு முழுவதும் நம்பத்தக்கதல்ல. காற்று கொண்டுவந்த நுண்மண்ணும், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் வெண்சாம்பலும் பல இடங்களில் மேலே படிந்துள்ளன. அந்த அடுக்கிலிருந்து மாதிரி எடுத்தால், கீழே பொன் இருந்தாலும் எண் தாழ்வாகவே வரும். ஆகவே திருகுத் துளைப்பானைக் கொண்டு, இலைமக்கு மிகுந்த மேலடுக்கையும் இரும்பும் களிமண்ணும் சேரும் நடு அடுக்கையும் கடந்து, சிதைந்த பாறைத்துண்டுகள் நிறைந்த அடியடுக்கிலிருந்து மண் எடுக்கப்படுகிறது. வடக்கு நோக்கிய சரிவுகளில் தரை உறைந்து கிடப்பதால் துளைப்பான் அந்த ஆழத்தை எட்டாமல் போவதுண்டு. அங்கே வரும் தாழ்ந்த எண்ணைக் கொண்டு பொன் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. எனவே, ஒவ்வொரு மாதிரியுடனும் ஆழம், நிறம், அடுக்கு, சரிவு ஆகியவற்றைக் குறித்து வைக்காத எண் பட்டியலால் பயன் குறைவே.

எது இயல்பு, எது பிறழ்வு?

புவியோட்டில் சராசரியாக ஒரு டன்னுக்குச் சில மில்லிகிராம் பொன்னே உள்ளது. ஒரு வட்டாரத்தின் மண்ணில் வழக்கமாகக் காணப்படும் அளவு பின்னணி அளவு எனவும், அதற்கு மேல் கவனிக்கத்தக்கது என்று வகுக்கப்படும் எல்லை வாசல் அளவு எனவும், அந்த எல்லையைத் தாண்டிய மதிப்பு பிறழ்வு எனவும் வழங்கப்படுகின்றன. சராசரியுடன் திட்ட விலக்கத்தின் இருமடங்கைக் கூட்டி வாசலை வகுப்பது பழைய வழக்கம். ஆனால் இயல்நிலைப் பரவலில் நூற்றுக்கு இரண்டு மதிப்புகளாவது அந்த வாசலைத் தாண்டியே தீரும் என்பதால், தாதுவே இல்லாத நிலத்தில் ஆயிரம் மாதிரி எடுத்தாலும் இருபதுக்கும் மேற்பட்ட பிறழ்வுகள் தோன்றிவிடும். மேலும் பொன்னின் மதிப்புகள் பெரும்பாலும் மிகத் தாழ்ந்தும் சில மட்டும் மிக உயர்ந்தும் பரவுவதால், அவற்றை மடக்கைக்கு மாற்றியோ, நடுமதிப்பையும் நூற்றுமானங்களையும் கொண்டோ ஆராய்வதே பொருத்தமானது.

பாறை மாறினால் பின்னணியும் மாறும். கிரானைட்டில் ஒரு டன்னுக்குப் பத்துக் கிராம் அளவுக்கும் குறைவாக உள்ள நிக்கல், மக்னீசியம் மிகுந்த மீக்காரப் பாறைகளில் 2,000 கிராம் வரை இருக்கும். இரண்டுக்கும் மேலுள்ள மண்ணை ஒரே கணக்கில் சேர்த்தால், பின்னதன் இயல்பான நிக்கல் பெரும் கண்டுபிடிப்பாகத் தோன்றும்; முன்னதன் உண்மையான சிறு பிறழ்வோ மறைந்துவிடும். எனவே மாதிரிகளைப் பாறை வகைப்படி பிரித்த பின்னரே ஒப்பிட வேண்டும்.

பொன்னுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அது மண்ணில் சீராகக் கலக்காமல் துகள்களாகவே கிடக்கிறது. பத்தில் ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரேயொரு பொன்துகள் 30 கிராம் மாதிரியில் அகப்பட்டால், அந்த மாதிரி டன்னுக்கு 300 மில்லிகிராமுக்கும் மேல் காட்டும். அதே மண்ணின் இன்னொரு கைப்பிடி எதையும் காட்டாமல் போகலாம். ஆகவே தனித்து நிற்கும் மிக உயர்ந்த எண்ணைவிட, வரிசையாகப் பல மாதிரிகளில் தொடரும் நடுத்தர எண்களே அதிக மதிப்புடையவை. பொன்னோடு சேர்ந்து படிந்து, அதைவிடச் சீராகப் பரவும் வழிகாட்டித் தனிமங்களும் இங்கே துணை செய்கின்றன. காபி படிவில் ஆர்செனிக்கும் ஆன்டிமனியும் பொன்னுடன் சேர்ந்தே உயர்கின்றன. எனினும் மண்ணின் இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகள் ஆர்செனிக்கை ஈர்த்துச் சேர்ப்பதால், ஆர்செனிக் உயர்ந்த இடத்தில் அவையும் உயர்ந்துள்ளனவா என்று பார்த்தபின்பே அதைச் சான்றாகக் கொள்ளலாம்.

வரைபடமும் தரச்சோதனையும்

எண்களை வரைபடத்தில் இட்டதும் நிலத்தின் சரிவு பேசத் தொடங்குகிறது. சரிவில் மண் மெல்ல நகர்ந்து இறங்குவதால், பிறழ்வின் மேல்விளிம்பு கூர்மையாகவும் கீழ்ப்பகுதி நீண்டு மங்கியும் அமைகிறது. மூலநரம்பைப் பெரும்பாலும் மேல்விளிம்பின் அருகிலேயே தேட வேண்டும். மிக உயர்ந்த எண் வந்த புள்ளியிலேயே துளையிட்டால் நரம்பு தப்பிவிடலாம். இவற்றுக்கெல்லாம் முன்பாக, ஒரே இடத்தின் இரட்டை மாதிரிகளும், பொன்னற்ற வெற்று மாதிரிகளும், அளவு தெரிந்த தர மாதிரிகளும் ஆய்வகத்துக்கு இடையிடையே அனுப்பப்பட்டு, அவற்றின் முடிவுகள் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும்.

இத்தனை சோதனைகளையும் கடந்த பிறழ்வும் தாது ஆகிவிடாது. எங்கே அகழியும் ஆழ்துளையும் இட வேண்டும் என்பதை மட்டுமே அது சொல்கிறது, படிவின் ஆழத்தையும் தரத்தையும் பாறைத்துளையே சொல்ல முடியும். ஆகையால், மண்ணில் இவ்வளவு பொன் என்று ஒரு நிறுவனத்தின் அறிவிப்பைப் படிக்கும் வாசகர், மண் அங்கேயே பிறந்ததா, எந்த அடுக்கிலிருந்து எடுக்கப்பட்டது, பின்னணி அளவு என்ன, அருகிலுள்ள மாதிரிகளும் உயர்ந்துள்ளனவா என்ற நான்கு கேள்விகளையும் தவறாமல் கேட்க வேண்டும். இவற்றுக்கு விடை சொல்லாத எண்ணை நம்பி முடிவெடுப்பது நியாயமல்ல.