மதுசாரமும் ஈரற் கலமும்

சபரகமுவத் தோட்டங்களிற் பிறந்த மாணவர்க்கு இரப்பரைப் பற்றி நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. எட்டியாந்தோட்டையிலோ தெரணியகலையிலோ உலர்த்திய இரப்பர்த் தாளை நெடுநாள் வெயிலிற் போட்டுவைப்பின், அது பிசுபிசுத்துப் பின் வெடித்துப்போகும். காற்றின் ஒட்சிசன் மூலக்கூறைத் தாக்க, ஒரு தாக்கம் அடுத்ததைத் தூண்டிச் சங்கிலியாய்த் தொடர்வதே காரணம். 1946 இல் பொலண்ட், கீ என்னும் ஆய்வாளர் இரப்பர் ஆராய்ச்சியின் பொருட்டே எதைல் இலினோலியேற்று என்னும் கொழுப்பமில எசுத்தரை எடுத்து இச்சங்கிலியை விளக்கினர். நமது கலமென்சவ்விலும் அக்கொழுப்பமிலம் உண்டு. ஆதலின் இரப்பர்த் தாளையும் குடிப்பவர் ஈரலையும் ஒப்பிடுதல் வெறும் உவமையன்று.

கசிப்பாயினும், கித்துட் கள்ளாயினும், முத்திரை பெற்ற சாராயமாயினும் மதுசாரம் ஒன்றே. ஈரலில் ஒரு நொதியம் அதனை அசற்றல்டிகைட்டாக்கும். மற்றொன்று அதனை அசற்றேற்றாக்கும். நாடோறும் மிகக் குடிப்பவரிலோ வேறொரு நொதியத் தொகுதியும் பெருகுகின்றது. லீபர், டிக்காளி ஆகியோர் 1968 இல் விவரித்த இத்தொகுதி, மதுசாரத்தை ஒட்சியேற்றும்போதே சுப்பரொட்சைட்டையும் ஐதரசன் பேரொட்சைட்டையும் சிந்துகின்றது. அருகில் இரும்பு இருப்பின் இவற்றினின்றும் கொடிய ஐதரொட்சில் மூலிகம் பிறக்கும். சவ்வின் கொழுப்பில் அது பற்றவைக்கும் சங்கிலி, நாம் மேற்கூறிய அதே சங்கிலிதான்.

கலம் காவலின்றி இல்லை. சுப்பரொட்சைட்டை மாற்றும் நொதியத்தை 1969 இல் மக்கோட், பிரிடோவிச் இருவரும் கண்டறிந்தனர். விற்றமின் ஈ சவ்வினுள் இருந்து சங்கிலியை அறுக்கும். இரப்பர்த் தொழிலில் ஒட்சியேற்ற எதிரிகளைக் கலப்பதும் இதன் பொருட்டே. இவற்றுள் குளுற்றதயோனே தலையாயது. குடி அதனையே, சிறப்பாக இழைமணிகளில், குறைத்துவிடுகின்றது.

பலாங்கொடைத் தேயிலையிலும் ஒட்சியேற்ற எதிரிகள் உண்டன்றோ, மாலைக் கசிப்புக்குக் காலைப் பிளேன்ரீ ஈடாகாதோ என்பார் உளர். சோதனைக் குழாயில் நிகழ்வது உடலில் அவ்வாறே நிகழ்வதில்லை. 1994 இல் வெளிவந்த பின்லாந்துச் சோதனையில், பீற்றா கரற்றீன் உண்ட புகைபிடிப்போரிடை நுரையீரற் புற்றுநோய் குறையவில்லை, கூடியது.

இன்னுமொன்று. உடல்நோவுக்குத் தோட்டத்தார் விழுங்கும் பரசிற்றமோலில் ஒரு பகுதியை அப்பெருகிய நொதியம் நஞ்சாக்கும். அந்நஞ்சை அடக்குவது குளுற்றதயோன். உண்ணாது குடிப்பவரிடம் அது அருகிக் கிடக்கும். வைத்தியசாலையில் மாற்றாகக் கொடுக்கும் அசற்றைல்சிசுற்றீன், குளுற்றதயோனை ஆக்க வேண்டிய மூலப்பொருளே. அளவு மிஞ்சி விழுங்கியவருக்கு அது எட்டு மணித்தியாலத்துள் கிடைப்பின் மிக்க பயன்தரும். முதல் நாளில் நோயாளி நலமாய்த் தோன்றுவதுமுண்டு. அதுகண்டு லயத்திலேயே படுக்கவிடாது, உடனே இரத்தினபுரிக்கோ கேகாலைக்கோ கொண்டுசெல்லல் வேண்டும்.