ஊர் ஊராய்ச் சென்ற பந்தாட்ட ஆசான்

கால்பந்து என்றால் நமக்கு உருண்டைப் பந்தும் உதையுமே நினைவுக்கு வரும். அமெரிக்கர்கள் அப்பெயரால் அழைக்கும் விளையாட்டோ வேறு. உரித்த தேங்காய் போன்ற பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓட, எதிர்க் கட்சியார் அவன்மீது பாய்ந்து வீழ்த்துவார்கள். பார்ப்பவருக்கு அது மல்யுத்தமாகத் தோன்றினாலும், உண்மையில் சதுரங்கம் போன்ற யுக்தி நிறைந்த ஆட்டம். அந்த யுக்திகளில் பலவற்றை வகுத்தவர் கிளென் ஸ்கோபி வார்னர்.

1871-ம் வருஷம் நியூயார்க் ராஜ்யத்தில் பிறந்த இவர், கார்னெல் சர்வகலாசாலையில் சட்டம் பயின்றார். உடன் ஆடியவர்களைவிட வயதில் மூத்தவராகையால், 'அப்பா' என்று பொருள்படும் 'பாப்' என்ற செல்லப் பெயர் அங்கே கிடைத்தது. கடைசி வரை அதுவே நிலைத்தது. 1895-ல் வாரத்துக்கு 34 டாலர் சம்பளத்தில் ஜார்ஜியா சர்வகலாசாலைக்குப் பயிற்சியாளரானார். அதே வருஷம் அயோவா விவசாயக் கலாசாலைக்கும் பயிற்சி அளித்தார். பிறகு கார்னெல், கார்லைல், பிட்ஸ்பர்க், ஸ்டான்போர்டு, டெம்பிள் என்று 1938 வரை ஏழு ஸ்தாபனங்களில் பணி புரிந்து, 300-க்கு மேற்பட்ட ஆட்டங்களில் வெற்றி கண்டார்.

இவற்றுள் கார்லைல் வரலாறே நம் உள்ளத்தைத் தொடுவது. அமெரிக்காவின் ஆதிக் குடிகளை வெள்ளையர் நாகரிகத்துக்கு மாற்றுவதற்கென்று, ஒரு ராணுவ அதிகாரி 1879-ல் பழைய படைக் கொட்டகையில் தொடங்கிய பள்ளி அது. அங்கே சேர்ந்த சிறுவர்களின் கூந்தலைக் கத்தரித்தார்கள், பெயரை மாற்றினார்கள், தாய்மொழியில் ஒரு வார்த்தை பேசினாலும் தண்டித்தார்கள். எல்லாவற்றையும் இழந்த அச்சிறுவர்களுக்குப் பந்தாட்ட மைதானத்தில்தான் சமநீதி கிடைத்தது.

அவர்கள் உருவில் சிறியவர்கள். ஆனால் வேகமும் சமயோசித புத்தியும் உள்ளவர்கள். வார்னர் அதற்கேற்பவே ஆட்டத்தை அமைத்தார். 1903-ல் ஹார்வர்டுக்கு எதிராக, பந்தைச் சார்லி டில்லன் என்பவரின் சட்டை முதுகுக்குள் ஒளிக்கச் செய்தார். எதிரிகள் பந்தைத் தேடித் திகைக்க, டில்லன் வெறுங்கையோடு மைதானத்தைக் கடந்து எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டார்! ஆயினும் முடிவில் 12-11 என்ற கணக்கில் ஹார்வர்டே வென்றது. 1912-ல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கலாசாலையைக் கார்லைல் 27-6 என்று முறியடித்தது. ஆதிக் குடியினர் பலரைப் படையினர் சுட்டுக் கொன்ற 'உண்டட் நீ' கொடுமை நிகழ்ந்து அப்போது 22 வருஷங்களே ஆகியிருந்தன. தோற்ற கோஷ்டியில் ஆடியவர்களுள் ஒருவர், பிற்காலத்தில் ஜனாதிபதியான ஐசன்ஹோவர்.

வெற்றி பெற்ற கோஷ்டியின் திலகம் ஜிம் தோர்ப். அவ்வருஷமே ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் பந்தயத்தில் இரண்டு தங்கப் பதக்கங்கள் பெற்றவர். முன்பு சில்லறைக் காசுக்குப் பேஸ்பால் ஆடினார் என்ற காரணத்தால் 1913-ல் அவற்றைப் பறித்துவிட்டார்கள். தமக்கு அச்செய்தியே தெரியாது என்று வார்னர் கைவிரித்தார். உடனிருந்து பழக்கியவர் இதை அறியாதிருந்திருப்பாரா என்று சரித்திர ஆசிரியர் பலர் ஐயுறுகின்றனர். 1914-ல் அமெரிக்கக் காங்கிரஸ் கமிட்டி பள்ளியை விசாரித்தபோது, வார்னர் வசைமொழி கூறுபவர் என்று அவரிடம் பயின்ற ஆட்டக்காரர்களே சாட்சி சொன்னார்கள். ஆட்ட வருமானம் செலவான விதமும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அடுத்த வருஷம் வார்னர் பிட்ஸ்பர்க் சேர்ந்தார். 1918-ல் கார்லைல் பள்ளி மூடப்பட்டது.

வார்னரின் புகழோ குன்றவில்லை. பிட்ஸ்பர்க் கோஷ்டி 1915, 1916, 1917 ஆகிய மூன்று வருஷமும் தோல்வியே அறியவில்லை. ஸ்டான்போர்டுக்கு மாறிய பின், 1928-ம் வருஷப் பிறப்பன்று அதே பிட்ஸ்பர்க்கை 7-6 என்று வென்றார். எதிரணியின் பயிற்சியாளர் அவருடைய சிஷ்யரான சதர்லாண்டு! வார்னர் 1954-ல் காலமானார். அமெரிக்கச் சிறுவர் பந்தாட்டச் சங்கம் ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நடைபெறுகிறது.

தோர்ப்போ 1953-லேயே மறைந்தார். பதக்கங்கள் அவர் மக்கள் கையில் சேர்ந்தது 1983-ல். அவரே தனி வெற்றியாளர் என்று ஒலிம்பிக் கமிட்டி ஒப்புக்கொண்டது 2022-ல். மாணவனின் திறமையைக் கண்டறிந்து வளர்ப்பது ஆசிரியரின் பெருமை. அந்தக் கலையில் வார்னருக்கு நிகரானவர் சிலரே. ஆனால் அம்மாணவனுக்கு இடர் வந்த நாளில் அருகில் நிற்பதும் ஆசிரியரின் கடமையே அல்லவா? வார்னரின் வெற்றிகளை எண்ணும்போது இக்கேள்வியையும் நேயர்கள் மறத்தலாகாது.